எல்லோரும் தூங்குகிற கம்பெனி வண்டி

ரயிலோ பேருந்தோ ஷேர் ஆட்டோவோ, ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிவிடுகிற ஜென்மம் நான். பயணக் கட்டுரை எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது. "நீ எழுதுறதுல பாதி கனவு, மீதி பஸ் டிக்கெட்டு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். இந்த முறை அது கிட்டத்தட்ட நிஜமாகிவிட்டது.

போனது 2009 ஆடி மாதம். நான் வேலை பார்ப்பது சென்னையில் ஒரு சின்ன அறக்கட்டளையில். கிராமங்களில் வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களுக்குத் துணை நிற்கிற குழுக்களுக்கு எங்கள் ஆட்கள் வருடா வருடம் நிதி கொடுப்பார்கள். கொடுப்பதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நான்தான், ஏனென்றால் அலுவலகத்தில் மற்ற எல்லோருக்கும் முதுகு வலி. இந்தத் தடவை விண்ணப்பம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒன்பது பெண்களிடமிருந்து வந்திருந்தது. தாராபுரத்தைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு கிராமத்தில் வீடு பிடித்து, புருஷன் வீட்டிலிருந்து வெளியேறிய பெண்களைச் சில வாரங்கள் தங்க வைக்கிறார்கள். இத்தனை நாளும் வாடகை அவர்கள் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. இனி முடியாது, ஆவணிக்குள் ஏதாவது வழி பிறக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். விண்ணப்பத்தில் கேட்டிருந்தவை: ஆறு தையல் மெஷின், ஒரு பீரோ, ஒரு பெயர்ப் பலகை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மற்றபடி வழக்கம்போல நேரம், காசு, கிலோமீட்டர் எல்லாம் உண்டு.

சனிக்கிழமை இரவு கோவை ரயில், படுக்கை வசதி 218 ரூபாய். சென்னை தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் யாரோ "திருப்பூர், திருப்பூர்" என்று தோளைத் தட்டினார்கள். மணி 5.05. ஞாயிற்றுக்கிழமை விடியலில் திருப்பூரைப் பார்த்திருக்கிறீர்களா? வாரம் முழுக்கக் கடகடவென்று ஓடிய ஊர், மெஷினை அணைத்தது போல அப்படியே நிற்கும். நிலையத்திலிருந்து பழைய பேருந்து நிலையம் வரை ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, நடந்தே போனேன். சாக்கடை ஓரமெல்லாம் பனியன் வெட்டுத் துணி, சிவப்பும் மஞ்சளுமாக. காற்றில் பஞ்சு மிதந்து வந்து கண்ணிமையில் ஒட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு மெத்தென்று இருந்தது.

தாராபுரம் பேருந்து நிற்கும் இடத்தில் ஜோதிமணி காத்திருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும், ஒல்லி. ஒரு பெரிய கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவது அவள் வேலை. விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து அவளுடையது. ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்கியது.

"ரயில்ல தூங்குனீங்களா மேடம்?"

"நான் எதுல ஏறினாலும் தூங்குவேன்மா."

"அப்ப நீங்க எங்க ஆளுங்க. கம்பெனி வண்டியில ஏறுனா நாங்க எல்லாருமே தூக்கந்தானுங்க" என்று சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தாராபுரம் 48 கிலோமீட்டர், டிக்கெட் 17 ரூபாய், ஒன்றரை மணி நேரம். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். குண்டடம் தாண்டியதும் காற்றாலைகள் ஆரம்பிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே அம்மி பறக்குமோ என்னவோ, முருங்கைப் பூ பறக்கிறது. வெள்ளை வெள்ளையாக வந்து பேருந்துக்குள் விழுந்தது. தூரத்தில் நூற்றுக்கணக்கான காற்றாடிகள், ஒன்றுக்கும் அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நான் தூங்கினேன், விழித்தேன், மறுபடி தூங்கினேன். ஒவ்வொரு முறை கண்ணைத் திறக்கும்போதும் அதே காற்றாடிகள், அதே செம்மண், அதே பூ. பேருந்து நகர்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

தாராபுரத்தில் தோசை 12 ரூபாய், டீ 4 ரூபாய். அங்கிருந்து இன்னொரு பேருந்து. எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர் என்பதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் வரைபடத்தில் வட்டம் போட்டுக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஊரின் கடைசியில் ஓட்டு வீடு. வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம். அங்கே எங்களை வரவேற்றவள் ரோசம்மா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பத்து வருடம் முன் குடும்பத்தோடு திருப்பூர் வந்து, தையல் மெஷினில் உட்கார்ந்தவள். இப்போது வார நாளில் பாதி இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். "வாங்க மேடம், வாங்க வாங்க" என்று கை கூப்பினாள்.

உள்ளே போனால் எனக்குத் தலை சுற்றியது. பத்துக்குப் பன்னிரண்டு அறை. சுவரில் 'குடிதண்ணீர்' என்று எழுதி அம்புக்குறி. 'முதலுதவிப் பெட்டி' என்று எழுதி இன்னொரு அம்புக்குறி. மூலையில் சிவப்பு வாளி நிறைய மணல். தரையில் மஞ்சள் பெயின்டால் இரண்டு கோடு இழுத்து நடைபாதை. ஒரு சமையலறை, ஒரு அறை உள்ள வீட்டில் நடைபாதை எங்கே போகிறது? சமையலறைக்குத்தான்.

"இப்ப இங்க யாரெல்லாம் தங்கியிருக்காங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லீங்க மேடம்" என்றாள் ஜோதிமணி.

"ஏதாவது பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையும் இல்லீங்க."

நான் ரோசம்மாவைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து நின்று, மூச்சு விடாமல், "ஓ.டி. எங்க விருப்பந்தான் மேடம், யாரும் கட்டாயப்படுத்தல" என்றாள்.

ஓ.டி.யா? கம்பெனியில் கூடுதல் நேரம் பார்க்கிற வேலைக்கு இங்கே என்ன பேச்சு? ஜோதிமணி அவளை முறைத்தாள். எனக்கு எரிச்சலாகிவிட்டது. ராத்திரியெல்லாம் பயணம் செய்து வந்தால், ஆளே இல்லாத வீட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு பாடம் ஒப்பிக்கிறார்களே! "யாருமே இல்லைன்னா நிதி எதுக்குங்க? நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்" என்று சொல்லி, 'தற்போது தங்கியிருப்போர்' என்ற இடத்தில் பேனாவால் பெரிய சைபர் போட்டேன். ஜோதிமணியின் முகம் செத்துப்போயிற்று.

கை கழுவப் பின்பக்கம் போனேன். பொடக்காளி என்பார்கள் அங்கே. கொடியில் ஒரு சின்ன கவுன், இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐந்து வயசுப் பிள்ளைக்கானது. கீழே கழுவிக் கவிழ்த்த தட்டுகள், நாலு. நான் திரும்பி வந்து, "ரோசம்மா, அந்தக் கவுன் உங்களுக்குப் பத்துமா?" என்று கேட்டேன்.

ரோசம்மா ஓவென்று அழுதுவிட்டாள். "யக்கா, எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு இவகிட்ட தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேக்கல."

அப்புறம்தான் ஜோதிமணி சொன்னாள். "கம்பெனிக்குப் பையர், அதானுங்க துணி வாங்கற வெளிநாட்டுக்காரங்க, பாக்க வர்றப்ப என்ன பண்ணுவாங்க மேடம்? சார்ட் ஒட்டுவாங்க, கோடு போடுவாங்க, மணல் வாளி வைப்பாங்க. வயசு பத்தாத புள்ளைங்க, கையில ஊசி ஏறுனவங்க, புகார் சொல்றவங்க, எல்லாத்துக்கும் அன்னிக்கு லீவு. பிரச்சினை இல்லாத கம்பெனிக்குத்தானுங்க ஆர்டர். டேமேஜ் பீஸ டேபிள் மேல வெப்பமா? நீங்க பாக்க வர்றீங்கன்னு லெட்டர் வந்துச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி இதுதானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வெட்கமும் வந்தது. அந்தக் கடிதம் நான் எழுதியது. பதினான்கு கேள்வி, எண் போட்டு. 'பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ளனவா' என்பது ஆறாவது கேள்வி. மணல் வாளி அதற்கான பதில். அவர்கள் மேல் தப்பே இல்லை.

"தையல் மெஷின் எதுக்குக் கேட்டீங்க? நாளெல்லாம் அதுலதானே உக்காந்திருக்கீங்க?"

"காசு குடுக்கறவங்களுக்குத் தையல் மெஷின்னா புடிக்கும்னு சொன்னாங்க" என்றாள் ஜோதிமணி.

வீட்டில் தங்கியிருந்தவர்கள் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. அவர்களைக் காலையிலேயே ஆறுமுகத்தின் வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஆறுமுகம் கம்பெனி வண்டி ஓட்டுகிறவர். விடியற்காலையில் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றித் திருப்பூரில் இறக்கி, இரவில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். வேன் அவருடைய சொந்தம், கம்பெனிக்கு ஒப்பந்தம். ஞாயிறு அவருக்கும் ஓய்வு. கணியூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் சாயங்காலம் வரை வைத்திருந்து கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள்.

ரோசம்மாவின் செல்போன் அடித்தது அப்போதுதான். ஆறுமுகம். அவர் கணியூர் போகவில்லை. மூலனூர் முருங்கைக்காய்ச் சந்தையில் ஒரு ஓட்டலுக்காக நாலு மூட்டை எடுக்க வேண்டியிருந்ததாம், எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடலாம் என்று நினைத்தாராம். மனுஷனுக்குத் தெரியாதது ஒன்று. வண்டியில் இருந்த சுமதி என்கிற பெண்ணின் புருஷன் கதிர்வேல், அந்தச் சந்தைக்குக் காய் கொண்டுவருகிறவன். அவனுடைய அண்ணன் வேனுக்கு முன்னால் மொபெட்டைக் குறுக்கே போட்டுவிட்டான். கதிர்வேல் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வரப் போயிருக்கிறான். உள்ளே சுமதியும், ஐந்து வயசு மகள் தர்ஷினியும், இன்னொரு பெண்ணும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சுமதி வந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. இடது மணிக்கட்டு இன்னும் மடங்காது என்றாள் ரோசம்மா. குடும்ப வன்முறைக்கு எதிரான புதுச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்தாயிற்று, விசாரணைக்குத் தேதி வர வேண்டும். அதற்குள் பஞ்சாயத்து பேசி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால் மனுவும் போச்சு, பெண்ணும் போச்சு. ஏற்கெனவே இரண்டு தடவை அப்படித்தான் நடந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆம்னி காரை எடுத்துக்கொண்டு நானும் ஜோதிமணியும் கிளம்பினோம். வாடகை எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், தூரம் கணக்குப் போட்டுவிடுவீர்கள். வழியெல்லாம் காற்றாடிகள் அதே நிதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு மனுஷியின் உயிர் போகிற அவசரத்தில் நாம் ஓடும்போது, உலகம் இவ்வளவு அழகாக, இவ்வளவு மெதுவாக இருப்பது எனக்கு ஆத்திரமாக வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூலனூர் சந்தையை நல்ல நாளில் போய்ப் பாருங்கள். சீசன் முடிகிற நேரமானாலும் அன்று குவியல் குவியலாகக் காய். கட்டு கட்டாகப் பச்சை, இடையில் மனிதர்கள் முழங்கால் ஆழத்தில் நடக்கிறார்கள். காற்றில் பச்சை முருங்கை வாசம். அந்தப் பச்சைக்கு நடுவில் வெள்ளை வேன். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். கதிர்வேல் திரும்பி வந்துவிட்டிருந்தான். வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். அடிக்கிறவன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

"குடும்ப விசயமுங்க. நாங்க பேசிக்கறோம். நீங்க தலையிடாதீங்க" என்றான் மரியாதையாக. கூட்டமும் தலையாட்டியது. சட்டத்தின் எண், பிரிவு எல்லாம் எனக்கு மனப்பாடம், ஒன்றுகூட வாயில் வரவில்லை.

ஜோதிமணி அவனிடம் பேசவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏனுங்க, இது கம்பெனி வண்டிங்க. உள்ள இருக்கறது லேபருங்க. ஷிப்மென்ட் அவசரம், ஞாயித்துக்கெழம டூட்டி. இந்தா நிக்கறாங்களே, இவங்க ஆடிட் மேடம், மெட்ராசு. வண்டிய மறிச்சாங்கன்னு இவங்க ஒரு வரி எழுதிட்டா, நாளையிலருந்து இந்த ரூட்டுக்கே வண்டி வராதுங்க. அப்பறம் எங்களச் சொல்லப்படாது."

நான் என்ன செய்வது? நோட்டைத் திறந்து, வேன் நம்பரைப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினேன். உண்மையில் நான் எழுதியது 'முருங்கைக்காய் அரைக் கிலோ'. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்தப் பக்கத்தில் கம்பெனி வண்டி வராத தெரு கிடையாது. மழை பொய்த்த வருடங்களில் அடுப்பெரிந்தது அந்த வண்டியால்தான். காய் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்தாள். "ஏப்பா கதிரு, உன்ற சண்டைக்கு எங்க பொழப்புல மண்ணப் போடுவியா? என்ற ரெண்டு புள்ளைகளும் கம்பெனி வண்டியிலதான் போறாங்க. பொண்டாட்டிய அடிக்கறப்ப எங்களக் கேட்டா அடிச்ச? வண்டிய உடச் சொல்லு!" பக்கத்திலிருந்த ஆண்கள் இருவர் மொபெட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கூட்டி வந்த பெரியவர்களும் "அப்பறம் பேசிக்கலாமப்பா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள்.

கதிர்வேல் ஜன்னலுக்குப் போனான். "புள்ளைய எறக்கி உட்டுட்டு எங்க வேணாப் போ" என்றான் மெதுவாக.

கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது. சுமதியின் குரலை அப்போதுதான் முதலில் கேட்டேன். "நான் டூட்டியில இருக்கறனுங்க" என்றாள். கண்ணாடி ஏறிவிட்டது. வேன் கிளம்பியது.

திரும்பும்போது ஆம்னியை விட்டுவிட்டு நானும் அந்த வேனில் ஏறிக்கொண்டேன். ஆறுமுகம் சந்து பொந்தெல்லாம் சுற்றி, பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகே வீட்டுப் பாதைக்குத் திரும்பினார். தர்ஷினி முருங்கை மூட்டை மேல் படுத்துத் தூங்கிப்போனாள். சுமதிக்கு இருபத்தாறு வயது. ஜோதிமணி பக்கம் திரும்பிக் கேட்டாள்: "ஏனக்கா, நான் டேமேஜ் பீஸுங்களா? அதுக்குத்தான் காத்தால கெளப்பி உட்டீங்களா?"

ஜோதிமணி அவள் மடங்காத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கழுத்திலிருந்த ஐடி கார்டால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எப்படி வீட்டை விட்டு வந்தாய் என்று சுமதியிடம் கேட்டேன். "டிபன் பேக்க எடுத்துட்டு, கம்பெனிக்குப் போற மாதிரி ரோட்டுல வந்து நின்னனுங்க. உள்ள புள்ள கவுனு ரெண்டு, ரேசன் கார்டு. வண்டி நின்னுச்சு. ஏறுனேன். எல்லாரும் தூங்கிட்டு இருந்தாங்க."

"யாருமே பாக்கலையா?"

முன்னாலிருந்து ஆறுமுகம்தான் பதில் சொன்னார். "பாத்துட்டு, யாராச்சும் வந்து கேட்டா இல்லைன்னு பொய் சொல்லோணுமுங்களே. கோயில்ல கூட்டிட்டுப் போயிக் கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. எங்காளுக சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ண மாட்டாங்க. அதனால, புது ஆளு ஏறுனா வண்டியே தூங்கிரும். தூங்குனவங்க எதைப் பாப்பாங்க?"

அன்று மாலை மஞ்சள் கோட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து விண்ணப்பத்தை முதலிலிருந்து எழுதினோம். தையல் மெஷின் போயிற்று, பீரோ போயிற்று, பெயர்ப் பலகை போயிற்று. ஒரு வருட வாடகை, வருகிற குழந்தைகளுக்குப் பால், கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரச் செலவு, ஆறுமுகத்தின் வேனில் தினமும் காலியாக வைத்திருக்க இரண்டு இருக்கை. யார் ஏறுவார்கள் என்று தெரியாது, ஆனால் இடம் இருக்க வேண்டும். நான் போட்ட சைபரை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முருங்கைக்காய்க் குழம்பு. ஆறுமுகம் ஓட்டலுக்குக் கொடுத்தது மூன்றரை மூட்டைதான்.

சென்னை வந்து, ஒளிந்திருக்கிறவர்கள் வீட்டு வாசலில் பெயர்ப் பலகை ஏன் கூடாது என்று மூன்று பக்கம் சண்டை பிடித்து எழுதினேன். நிதி கிடைத்துவிட்டது. ஒரு வருடத்துக்குத்தான், ஆனாலும் கிடைத்தது. வீடு காலியாகவில்லை. சுமதி இப்போது வேறொரு ஊரில் இருந்து கம்பெனிக்குப் போகிறாள், தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலை, அதற்கு வலது கை போதும். மனு விசாரணையில் இருக்கிறது. வண்டி விஷயத்தை எழுதலாமா என்று ஜோதிமணியிடம் போனில் கேட்டேன். "எழுதுங்கக்கா. திருப்பூருக்குத் தெனம் எத்தன வண்டி வருதுன்னு யாருக்குத் தெரியும்? எதுல போயித் தேடுவாங்க?" என்றாள். மேடம், அக்காவாகிவிட்டதைக் கவனித்தீர்களா?

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காற்றாலைகளைப் பார்க்க ஆனி, ஆடிதான் சரி, தலையில் கட்டத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணில் மண் விழும். தாராபுரத்திலிருந்து மூலனூர் சுமார் 20 கிலோமீட்டர், 8 ரூபாய். சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். என்னைப்போல் குழுக்களைப் பார்க்கப் போகிறவர்கள் கேள்விப் பட்டியல் அனுப்பாதீர்கள், போய் இறங்கி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். யாரையும் எங்கேயும் அனுப்பிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். புகைப்படக் கருவியைப் பையிலேயே வையுங்கள். இந்தப் பதிவில் படமே இல்லாததற்குக் காரணம் அதுதான்.

ஒன்று பாக்கி. நான் திருப்பூருக்குத் திரும்பக் கிளம்பியது திங்கட்கிழமை காலை 4.50க்கு, ஆறுமுகத்தின் வேனில். சுற்றிலும் இருட்டு, தூரத்தில் காற்றாடிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் வரிசையாக மினுக்கிக்கொண்டிருந்தன. உள்ளே இருபது பெண்கள், தேங்காய் எண்ணெய் வாசம், மடியில் டிபன் பை. சிரிப்பும் பேச்சுமாக வந்துகொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் வண்டி வேகம் குறைந்தது. அது வழக்கமாக நிற்கிற இடம் இல்லை போலிருக்கிறது. பேச்சு சட்டென்று நின்றது. என் பக்கத்திலிருந்தவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். முன் வரிசையில் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. ஒருத்தி குறட்டைகூட விட்டாள். நானும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். கதவு திறந்தது, குளிர்ந்த காற்று வந்தது, கதவு மூடிக்கொண்டது. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். கொலுசுச் சத்தம் கேட்டதா, கனவா, தெரியாது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. குண்டடம் வரும்வரை ஒருவரும் விழிக்கவில்லை.

போன மாதம் எங்கள் அறக்கட்டளையில், வேனில் காலியாக வைத்திருக்கும் இரண்டு இருக்கைக்கான செலவைச் சரிபார்க்கிறவர்களிடமிருந்து அந்தப் பயணம் பற்றி ஒரு கேள்வி வந்தது. வேனில் வந்த அன்று, உதவி தேடி ஏறிய பெண் யாரையாவது நேரில் கண்டீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.